வெள்ளிக்குள் முடிக்கப்படும்

எங்கள் அலுவலகத்தில் தெருவிளக்குப் புகார் மேஜையில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருப்பவருக்கு வெள்ளியக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் அவருடைய சொந்தப் பெயரைப் பார்த்தால், பக்கத்து மேஜைக்காரியான எனக்கே ஒரு நொடி யார் இது என்று இருக்கும். இந்த வெள்ளி கொலுசு வெள்ளி இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. சூரியன் மறைந்ததும் மேற்கே தனியாகப் பளிச்சென்று நிற்கிறதே, அந்த வெள்ளி. அதன்மேல் அக்காவுக்குப் பெரிய ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஆசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது பதினான்கு வருஷமாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தண்ணீர்ப் புகார். தண்ணீர் வருகிறது, அல்லது வரவில்லை. குழாய் ஒழுகுகிறது, அல்லது ஒழுகவில்லை. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அக்காவின் மேஜை அப்படிப்பட்டதல்ல. விளக்கு எரியவில்லை என்று வரும் புகார்களில் வம்பில்லை. எங்கள் லைன்மேன் போவார், பல்பை மாற்றுவார், வருவார். தோளில் ஏணி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் அவருக்குப் பெயரே ஏணி. விளக்கு எரிகிறது என்று வரும் புகார்கள்தான் வில்லங்கம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்கு அணைக்காமல் எரிகிறது, கரண்டு தண்டமாகிறது என்பார் ஒருவர். பக்கத்து மாடியில் கேமரா வைத்து எங்கள் வீட்டையே பார்க்கிறார்கள் என்பார் இன்னொருவர். தினமும் ஏழு மணிக்கு எவனோ டார்ச் அடிக்கிறான், நீங்கள் கவனிக்கிறீர்களா இல்லை நான் போலீசுக்குப் போகட்டுமா என்று ஒரு அம்மாள் மூன்று மாதம் விடாமல் கேட்டார். எல்லோரும் பார்த்தது ஒன்றைத்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அக்காவுக்கும் இது தெரியாது. பாலத்து விளக்குப் புகாருக்கு ஏணியை நான்கு சாயங்காலம் அனுப்பினார். பாலத்தில் இல்லை என்றதும் அதற்கு அப்பால் இருக்கும் செங்கல் கிடங்குக்கு அனுப்பினார். கிடங்கிலும் இல்லை என்றதும் இன்னும் அப்பால் அனுப்பினார். ஐந்தாம் நாள் காலையில் ஏணி வந்து, அக்காவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம்.

“அக்கா, நான் கிட்டப் போகப் போக அது தள்ளிப் போகுது. இன்னிக்கும் போகச் சொன்னீங்கன்னா நான் அப்படியே வேற ஊர்ல போய்த்தான் நிப்பேன்.”

அன்றைக்கு வீட்டுக்குப் போன அக்கா, மகளின் ஆறாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பக்கம் முப்பத்தாறில் எல்லாம் படம் போட்டு எழுதியிருந்தது. அதிலிருந்து தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறுவது அவர் வேலையாகிப் போனது. குடியிருக்கும் வீட்டில் மாடிச் சாவி வீட்டுக்கார அம்மாளிடம் இருந்தது. தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கத்தான் இவள் ஏறுகிறாள் என்று அந்த அம்மாளுக்குச் சந்தேகம். சாவியைக் கேட்டால் தேடுவது போல இரண்டு நிமிஷம் நடித்துவிட்டுத்தான் கொடுப்பார். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அவர் வீடு திரும்பும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும், மனைவி மேலே நின்று கையை நீட்டிக்கொண்டிருப்பார். நாள் முழுக்க பஸ்ஸில் கையை நீட்டுபவர்களைப் பார்த்துவிட்டு வந்தால் வீட்டிலும் இதுவா என்று அவர் நொந்துகொள்வார்.

அந்தக் கைதான் அக்காவின் கருவி. தொலைநோக்கி எல்லாம் கிடையாது. ஒரே இடத்தில் அசையாமல் நின்று, சந்தேகப்படும் விளக்கை ஒரு கம்பத்தின் ஓரத்துக்கோ சுவரின் ஓரத்துக்கோ நேராக வைத்துக்கொள்ள வேண்டும். கையை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, விரலால் இடைவெளியை அளக்க வேண்டும். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தால் அது வானத்துச் சரக்கு. நகரவே இல்லை என்றால் நம்முடைய சரக்கு, ஏணியை அனுப்பலாம்.

மற்றதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது. நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காமல் நிதானமாக நிற்கும். அதனால்தான் ஜனங்கள் விளக்கென்று ஏமாறுகிறார்கள். எல்லாவற்றிலும் வெளிச்சமானது வெள்ளி. அது சூரியனை விட்டு அதிக தூரம் போகாது. ஒன்று சாயங்காலம் மேற்கே நிற்கும், இல்லாவிட்டால் விடியற்காலையில் கிழக்கே நிற்கும். நடுராத்திரியில் தலைக்கு நேரே ஒன்று பளபளத்தால் அது வெள்ளியாக இருக்க முடியாது, பெரும்பாலும் வியாழன். செவ்வாய் அணையப்போகும் கங்கு மாதிரி இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நன்றாகத் தெரிந்துவிட்டுப் பிறகு மங்கிப்போகும். சனி மங்கலான மஞ்சள். புதன் சூரியனை ஒட்டியே திரிவதால் கண்ணில் படுவதே அபூர்வம். இவை எல்லாமே சூரியன் போகும் தடத்தை ஒட்டித்தான் வரும், போகும்.

இதை வைத்து அக்கா ஐந்து கேள்விகள் தயார் செய்து வைத்திருந்தார். எந்தத் திசை, மினுக்குகிறதா, என்ன நிறம், எத்தனை மணிக்கு மறைகிறது, விரல் வைத்துப் பார்த்தீர்களா. கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களைத் தனியாக எழுதி வைத்திருக்கலாம். விரலை வைத்துப் பார்த்தேன், விளக்கு தெரியவில்லை, விரல்தான் தெரிகிறது என்றார் ஒருவர். ஒருமுறை அக்கா ஐந்தும் கேட்டு முடித்து, “அது சனிங்க” என்று சொல்லிப் போனை வைத்தார். அரை மணி நேரத்தில் அந்த ஆள் இரண்டு மைத்துனர்களோடு நேரில் வந்து இறங்கிவிட்டார். ஆபீசுக்குப் போன் செய்தால் சனி என்று திட்டுவீர்களா என்று ஒரே ரகளை. அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கம் முப்பத்தாறைக் காட்டி அனுப்புவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு சனி வந்தால் மட்டும் “அது ஒரு கோளுங்க” என்று பெயர் சொல்லாமல் முடித்துக்கொள்வார்.

புகார்ப் பதிவேட்டில் ‘நடவடிக்கை’ என்று ஒரு கட்டம் இருக்கும். கட்டம் என்றால் தீப்பெட்டியைக்கூட வைக்க முடியாது. அதில் என்ன விளக்கமா எழுத முடியும்? விளக்கு மாற்றப்பட்டது என்றால் ‘சரி’ என்று எழுதுவார். வானத்துச் சரக்கு என்றால் ‘வெள்ளி’ என்றோ ‘வியாழன்’ என்றோ எழுதிவிட்டு அடுத்த போனை எடுப்பார். பழைய அதிகாரிக்கு இது தெரியும். பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். அவர் ஓய்வு பெற்றுப் போனதோடு எங்களுக்கு ஏழரை ஆரம்பித்தது.

அதைச் சொல்வதற்கு முன் அக்காவின் இடது காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினான்கு வருஷம் போனை அழுத்திப் பிடித்த காது. கொஞ்ச நாளாக அதில் சத்தம் மந்தமாகி, ஒரு இரைச்சல் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மகள் இப்போது நர்ஸ். அவள்தான் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். போன் வேலையை விடாவிட்டால் இந்தக் காதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஆபீசில் போன் இல்லாத மேஜை ஒன்றே ஒன்றுதான், மாடியில் தலைமை எழுத்தரின் மேஜை. இந்த வருஷம் அந்த இடம் காலி. வரிசையில் முதல் பெயர் அக்காவுடையது. கோப்பு மேலே போய்விட்டது, புது அதிகாரி ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

புது அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் கடுப்பு. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவர் எதையும் முழுதாகப் படிப்பார். அக்காவின் கோப்பில் கையெழுத்துப் போடும் முன் ஆறு மாதப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்திருக்கிறார். மறுநாள் அக்காவின் மேஜைக்கு ஒரு குறிப்பாணை வந்தது. இருபத்தாறு புகார்களை வெள்ளிக்கிழமையும், ஒன்பது புகார்களை வியாழக்கிழமையும், நான்கு புகார்களைச் செவ்வாய்க்கிழமையும் முடித்துத் தருவதாகப் பதிவு செய்துவிட்டு, ஒன்றைக்கூட முடிக்காதது ஏன்? விடுமுறை நாளான சனிக்கிழமையன்று இரண்டு புகார்களை முடிப்பதாக எழுதியது யாருடைய அனுமதியின் பேரில்? புதன்கிழமைகளில் எந்தப் பணியும் திட்டமிடப்படாததற்குக் காரணம் என்ன?

அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

நேரில் போய் விளக்கினார். வெள்ளி என்றால் கிழமை இல்லை சார், கோள் என்றார். அதிகாரி நிதானமாகக் கேட்டார். ஜனங்கள் விளக்கு எரிகிறது என்கிறார்கள், நீங்கள் மேஜையை விட்டு எழுந்திருக்காமலே அது கிரகம் என்று எழுதி மூடிவிடுகிறீர்கள், நாற்பத்தொரு தடவை. இதை யார் சரிபார்த்தது? கேள்வியில் நியாயம் இருந்தது, என்ன செய்வது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

“எனக்கு நேர்ல காட்டுங்க. பாத்தா நம்பறேன். வெள்ளிக்குள்ள காட்டிடுங்க, மேலிடத்துக்கு நான் பதில் அனுப்பணும்.”

“எந்த வெள்ளி சார்?” என்று அக்கா வாய் தவறிக் கேட்டுவிட்டார். அது காரியத்துக்கு உதவவில்லை.

காட்டுவதற்கு வானம் வேண்டுமே. இரண்டு வாரமாகவே அது கறுத்துக் கிடந்தது. மழை பெய்தாலும் பெய்துவிட்டுத் தொலைந்ததா என்றால் அதுவும் இல்லை. தூறுவதும் நிற்பதும், மறுபடி மூடிக்கொள்வதுமாக இழுத்தது. தினமும் ஆறு மணிக்கு நாங்கள் மூவரும், அக்கா, ஏணி, நான், ஆபீஸ் மொட்டை மாடிக்கு ஏறி அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கினோம். பாழாய்ப் போன மேகம், மற்ற வருஷம் கூப்பிட்டாலும் வராது. ஏணி, எனக்கு எட்டினால் ஒரு துணியை எடுத்து அதைத் துடைத்துவிடுவேன் என்றார். அக்கா காதில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் போன் மட்டும் ஓயவில்லை. நாற்பத்தொன்றாவது புகார்க்காரர் ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர். மேட்டுத் தெருவில் முதல் மாடியில் குடியிருப்பவர், மெதுவாகப் பேசுபவர். முதல் தடவை அவர் கூப்பிட்டது, மேகம் வருவதற்குச் சில நாள் முன்பு, அக்கா காது டாக்டரிடம் போய்விட்டு நேராக வேலைக்கு வந்த அன்று. ஜன்னலுக்கு நேரே ஒரு விளக்கு எரிகிறது, வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வெளிச்சம் ஆகவில்லை என்று ஆரம்பித்தார். அக்கா ஐந்து கேள்வியில் ஒன்றைத்தான் கேட்டார்.

“எந்தப் பக்கங்க? மேற்கா? அது வெள்ளி. லைட்டு இல்ல.”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்று காலையிலிருந்து முப்பத்தெட்டாவது போன் அது. அந்த நேரத்தில் வெள்ளி மேற்கில்தான் நின்றது, நானே பார்த்திருந்தேன். அதனால் எனக்கும் அது தப்பாகப் படவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி கூப்பிட்டார். வெள்ளிதாங்க என்றார் அக்கா. குறிப்பாணை வந்த அன்று மூன்றாவது தடவை கூப்பிட்டு ஏதோ சொல்ல வந்தார். அக்கா அவரை முடிக்கவிடவில்லை. அய்யா, அதை யாராலும் அணைக்க முடியாது, அதுவாகப் போகும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு இடது காதைத் தேய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் கூப்பிடவே இல்லை. ஒரு தொல்லை விட்டது என்று நான்கூடச் சொன்னேன்.

கெடு முடியும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் காற்று மாறியது. நான்கு மணிக்கு மேகத்தில் ஓட்டை விழுந்தது, ஐந்தரைக்கு மேற்கும் கிழக்கும் திறந்துகொண்டன. அக்கா ஓடிப்போய் அதிகாரியைக் கூப்பிட்டார். எல்லோரும் மாடிக்கு ஏறினோம். மேற்கே வெளிச்சம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. கூரைகளுக்கும் மரங்களுக்கும் மேலே, டிவி ஆன்டெனா ஒன்றின் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு புள்ளி அசையாமல் நின்றது.

எனக்குப் போன உயிர் வந்தது. அதிகாரியும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இதுதானா? அடேயப்பா. இத லைட்டுன்னு நெனைக்கறதுல ஒரு தப்பும் இல்ல. நானா இருந்தாலும் போன் பண்ணியிருப்பேன்.”

சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கோப்பு என் கையில்தான் இருந்தது. நீட்டினேன். அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணை மூடி, கையை நீட்டி, விரலை ஆன்டெனாவின் ஓரத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சார், ஒரு பத்து நிமிஷம் என்றார். அதிகாரி, பரவாயில்லம்மா, நம்பிட்டேன் என்றார். இல்ல சார், பத்து நிமிஷம் என்றார் அக்கா. அதிகாரிக்கு அது ஏதோ முறையான சோதனை என்று தோன்றியிருக்க வேண்டும். மரியாதையாகப் பேனாவை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

ஐந்து நிமிஷத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பக்கத்து மேஜையில் பத்து வருஷம் உட்கார்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? புள்ளி ஆன்டெனாவை விட்டு ஒரு நூல்கூட இறங்கவில்லை. நான் அக்காவின் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார், கையை இறக்கவில்லை. பத்து நிமிஷம் ஆனதும் இறக்கினார்.

“சார், இது வெள்ளி இல்ல. லைட்டு.”

ஏணி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அக்கா சொல்லிக்கொண்டே போனார். சாயங்கால வெள்ளி கடைசியில் வேகமாகக் கீழே இறங்கி சூரியனோடு சேர்ந்துவிடும் சார், இந்த மூன்று வாரத்தில் அது இறங்கியிருக்கிறது, இப்போது மேற்கில் அது இல்லை, இன்னும் கொஞ்ச நாளில் கிழக்கே விடியற்காலையில் வரும். மேகமாக இருந்ததால் நான் பார்க்கவில்லை, பார்க்காமலே ஒருவருக்கு வெள்ளி என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தொன்றில் ஒன்று என் தப்பு. சொல்லிவிட்டுக் கிழக்குப் பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரிச் சுவருக்கு மேலே புதிதாக ஏறியிருந்த இன்னொன்றைக் காட்டினார். அது வியாழன், நீங்களே விரல் வைத்துப் பாருங்கள் என்றார். அதிகாரி கையை நீட்டி, தவறான கண்ணை மூடி, பிறகு சரியான கண்ணை மூடி, பத்து நிமிஷம் நின்றார். வியாழன் ஒரு விரல் மேலே ஏறியது. கழுதை, அதுவாவது ஒழுங்காக நடந்துகொண்டது.

“அப்ப அந்த லைட்டு எங்க இருக்கு?” என்று அதிகாரி கேட்டார்.

ஏணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மேட்டுத் தெரு தண்ணீர் டாங்கிக்கு மேலே என்றார். டாங்கிக்குப் பெயின்ட் அடிக்க ஆள் விட்ட கோப்பு என்னுடையது. சாயங்காலமும் வேலை செய்ய உச்சியில் ஒரு பெரிய விளக்குக் கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள், கட்டிக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்ததும் நானே. மழை வந்ததும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அணைக்காமல். தண்ணீர்ப் புகாரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பெருமை பேசிய நான் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை.

ஏணி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அக்கா கீழே இறங்கி, பதிவேட்டில் எண்ணைத் தேடித் தபால்காரருக்குப் போன் செய்தார். நான் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டேன்.

“அய்யா, அன்னிக்கு வெள்ளின்னு சொன்னேனே, அது வெள்ளி இல்லங்க. லைட்டுதான். தப்பு என்னோடது.”

தபால்காரர் கேட்டது ஒன்றுதான்.

“அப்படின்னா அத அணைக்கலாமாம்மா?”

ஆள் போயிருக்குங்க என்றார் அக்கா. தபால்காரர் மேலே பேசினார், கோபமாக இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். வானத்துல இருக்கறதுன்னா நாம என்ன செய்ய முடியும்னு வீட்டுக்காரிக்குச் சொல்லிட்டேன் என்றார். ஜன்னலுக்குப் போர்வையை மடித்துக் கட்டினோம், காற்று வரவில்லை என்று அவள் சமையலறையில் படுத்துக்கொள்கிறாள் என்றார்.

“மழை கொட்டும்போதும் எரிஞ்சுதும்மா. அதச் சொல்லத்தான் மூணாந்தடவ கூப்பிட்டேன். வெவரம் தெரிஞ்சவங்க சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே ஏணி டாங்கிக்குக் கீழே பம்பு அறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். தபால்காரர் நடுவில் நிறுத்தி, அணைஞ்சிருச்சும்மா என்றார். திரும்பி வந்த ஏணி, மேலே ஏறவே இல்லையென்றும் ஒரே ஒரு சுவிட்சுதான் என்றும் சொன்னார். இத்தனை நாள், ஒரு சுவிட்சு. எனக்கு என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

அதிகாரி நாற்பதை ஏற்றுக்கொண்டார். மீதி ஒன்றுக்கு எச்சரிக்கை எழுதினார். எழுதாமல் இருக்க முடியவில்லை, அவருக்கு எதிரிலேயே ஒத்துக்கொண்டாயிற்றே. எச்சரிக்கை இருந்தால் பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்பது விதி. தான் பேனாவை எடுத்தபோது அக்கா சும்மா இருந்திருக்கலாம் என்று அவரே வருத்தப்பட்டார். டாங்கி விளக்கைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. நான்கு நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் நானே எழுதிக் கொடுத்தேன். எனக்கும் ஒரு எச்சரிக்கை. அதற்குப் பிறகு அக்காவை ஒரு மூச்சு திட்டித் தீர்த்தேன். காலை மிதித்தேனே, அது எதற்கு என்று நினைத்தீர்கள்? இன்னும் ஒரு வருஷம் இந்தப் போனோடு மாரடித்து அந்தக் காது என்னத்துக்கு ஆகும்? அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

“கைய நீட்டிட்டேனேம்மா. பாத்த பிறகு பாக்காத மாதிரி எப்படி இருக்கறது?”

இப்படிப்பட்டவர்களோடு பக்கத்து மேஜையில் இருப்பதற்குத் தனியாகப் படி கொடுக்க வேண்டும்.

அதிகாரி பதிவேட்டை மாற்றி அச்சடித்தார். ‘நடவடிக்கை’க்குப் பக்கத்தில் ‘கிழமை / கோள்’ என்று இன்னொரு கட்டம், பொருந்தாததை அடிக்கவும் என்ற குறிப்போடு. அதுவும் தீப்பெட்டி அளவுதான். அக்கா இரண்டு காதுக்கும் மாற்றி மாற்றிப் போனை வைத்து ஐந்து கேள்விகளையும் ஒன்று விடாமல் கேட்க ஆரம்பித்தார். ஒரு போனுக்கு ஆறு நிமிஷம் ஆயிற்று. வரிசையில் காத்திருந்தவர்கள் எனக்குப் போன் செய்து என்னைத் திட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் தபால்காரர் கூப்பிட்டார். விடிவதற்கு முன் மனைவி எழுந்தபோது, இந்த முறை கிழக்கு ஜன்னலில், ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். துணி கட்ட வேண்டுமா வேண்டாமா என்று ஆபீஸ் அம்மாவிடம் கேட்கச் சொன்னாளாம். அக்கா ஐந்து கேள்வியும் கேட்டார். எல்லாப் பதிலும் வெள்ளி என்றுதான் சொன்னது. அதைச் சொல்லவும் சொன்னார்.

“நீங்க பாத்தீங்களாம்மா?” என்றார் தபால்காரர். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“இன்னும் இல்லங்க. நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்.”

மறுநாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு அக்கா வீட்டுக்கார அம்மாளை எழுப்பிச் சாவி கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வந்தவர், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் போனை எடுத்தார்.

“பாத்தேங்க. வெள்ளிதான்.”

“அப்ப துணி கட்டல” என்றார் அவர். “கண்ணு தெளிஞ்சதுலேருந்து அவ அதத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா.”

அக்கா போனை வைத்தார். பதிவேட்டை இழுத்து, தீப்பெட்டிக் கட்டத்தில் ‘வெள்ளி’ என்று எழுதினார். கீழே இருந்த இத்துனூண்டு இடத்தில், எழுத்தை நெருக்கி, ‘நானே பார்த்தேன்’ என்று எழுதிவிட்டு அடுத்த போனை எடுத்தார்.